ரேஷன் அரிசியில் பாதி எங்கே போகிறது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தேசிய மாதிரி ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற களப்பணியாளர்.

கேள்வி: அம்மா, எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர், "ரேஷன் அரிசியில் பாதி திருட்டுப் போகிறது, டெல்லி ஆய்வு நிறுவனமே சொல்லிவிட்டது" என்றார். அடுத்துப் பேசியவர், "84 சதவீதம் ஏழைகளுக்குப் போய்ச் சேருகிறது, அதுவும் ஆய்வுதான்" என்றார். இதில் யார் சொல்வது பொய்? கட்சிக்கு ஓர் ஆய்வு என்று ஆகிவிட்டதா? *(திண்டுக்கல் வாசகர்)*

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்கான பதிலை எடுத்துக்கொண்டு, கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டு மேடைக்கு வந்துவிட்டார்கள்.

84 சதவீதம் என்பது 2011இல் பொருளாதார அறிஞர் ரீதிகா கேரா ஒன்பது மாநிலங்களில் நடத்திய ஆய்வில் வந்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போய் 1,227 குடும்பங்களைப் பார்த்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று பட்டியலில் இருந்த குடும்பங்களை மட்டும். மாதம் எத்தனை கிலோ வர வேண்டும், எத்தனை கிலோ வந்தது என்று விசாரித்தார்கள். வர வேண்டியதில் 84 சதவீதம் வந்திருந்தது.

'பாதி' என்பது 2015 ஜனவரியில் டெல்லியில் உள்ள இக்ரியர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனத்துக்காக அசோக் குலாட்டியும் ஸ்வேதா சைனியும் எழுதியதிலிருந்து வருகிறது. 2011-12இல் மத்தியக் கிடங்குகளிலிருந்து மாநிலங்கள் எடுத்த தானியம் எவ்வளவு, ரேஷனில் வாங்கிச் சாப்பிட்டதாக மக்கள் சொன்னது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தார்கள். 46.7 சதவீதத்துக்குக் கணக்கு இல்லை. அதே ஆண்டுக்கு, அதே கழித்தல் முறையில் பொருளாதார அறிஞர் ஜீன் டிரீஸும் ரீதிகா கேராவும் பார்த்தபோது 41.7 வந்தது. ஆம், 84 சொன்ன அதே கேராதான்! தன் பக்கத்துக்குச் சாதகமான எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஏழைக்கு 84 கிடைத்தது, மொத்தத்தில் 40க்கு மேல் காணோம். இரண்டும் எப்படி உண்மையாகும்? அப்போது பெரும்பாலான மாநிலங்களில் ஏழைகளுக்கு ஒரு ஒதுக்கீடு, வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு ஒரு ஒதுக்கீடு. மேலே இருப்பவர்களுக்கான தானியம் ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது. தனக்கு எவ்வளவு உரிமை என்று கார்டு வைத்திருப்பவருக்கே தெரியாது, அதனால் கடைக்காரரிடம் கேட்கவும் மாட்டார். டிரீஸும் கேராவும் கணக்கிட்டதில், இந்த ஒதுக்கீட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில், ஒன்பது மாநிலம் மட்டும் அல்லாமல் நாடு முழுவதற்குமான இந்தக் கழித்தல் கணக்கில், காணாமல் போனது சுமார் 30 சதவீதம். அதுவும் பெரிய திருட்டுதான். ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது அல்லவா?

நீங்கள் கேட்ட சாய்வு, எண்ணைத் தாண்டி 'ஆகவே' என்று ஆரம்பிக்கும் இடத்தில்தான் வருகிறது. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு அதே 2015 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. குலாட்டி அதில் ஓர் உறுப்பினர். தானியம் 40 முதல் 50 சதவீதம் கசிகிறது என்று எடுத்துக்காட்டிய அந்தக் குழு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் மக்களை 67 சதவீதத்திலிருந்து சுமார் 40 சதவீதமாகக் குறைக்கலாம், 10 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில் தொடங்கிப் படிப்படியாகப் பணமாகக் கொடுக்கலாம் என்றது. அரிசி வழியில் காணாமல் போகிறது என்பதற்கும், அரிசி வாங்குகிறவர்களைக் குறைக்க வேண்டும் என்பதற்கும் என்ன தொடர்பு? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கசிவு அதிகம் இருந்த அந்த மேல்கோட்டு ஒதுக்கீட்டை 2013ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டிருந்தது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டின்படி பிரித்த பிறகும், தமிழ்நாட்டில் நாம் கோடு பார்க்காமல் எல்லாருக்கும் அரிசி கொடுத்தோம். கசிவு குறைந்த மாநிலங்களின் வரிசையிலும் இருந்தோம்.

ரொக்கமாகக் கொடுப்பது நல்லது என்று குலாட்டி நெடுங்காலமாக வெளிப்படையாகவே எழுதிவருகிறார். உணவு உரிமைச் சட்டம் வர வேண்டும் என்று டிரீஸ் இயக்கமாகவே நின்றார். இருவரும் எதையும் ஒளிக்கவில்லை. கேராவின் ஆய்வில்கூட, ரேஷன் கடை ஒழுங்காக நடக்காத பீகாரில் பாதிக்கு மேற்பட்டோர் பணமே கொடுங்கள் என்றார்கள். உணவு உரிமைக்காகப் பேசுகிறவர்கள் அந்த வரியைச் சத்தமாகப் படிப்பதில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: கசிவு, கசிவு என்கிறார்களே, கடையில் நின்று யாராவது எடை போட்டார்களா? *(கோவை கல்லூரி மாணவி)*

பதில்: இல்லை அம்மா. எடை போடுவதற்குப் பதிலாக என்னைப் போன்றவர்கள் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். கடந்த 30 நாளில் வீட்டில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு ஒரு நீண்ட படிவம். அதில் 101ஆம் எண்ணில் ரேஷன் அரிசி, 102ஆம் எண்ணில் மற்ற அரிசி.

சிவகங்கைப் பக்கம் ஒரு வீடு. "மாசம் இருபது கிலோ வாங்கிருவோம்க்கா" என்றார் அந்தப் பெண். சாப்பிட்டது எவ்வளவு என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணினார். இட்லி மாவுக்கு ஆறு கிலோ. கஞ்சி காய்ச்சி மாட்டுக்கு வைத்தது நாலைந்து கிலோ. கோழிக்கு இரண்டு. மீதியை, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வண்டியில வர்றவர்கிட்ட போட்டுருவோம்" என்றார். சோற்றுக்குக் கடையில் பொன்னி. படிவம் கேட்பது வீட்டார் உண்டதை மட்டும். ஆகவே 101க்கு நேரே நான் எழுதியது 6.

மீதி 14 கிலோ டெல்லிக் கணக்கில் கசிவு. அந்த வீட்டுக் கார்டுக்கு அரிசி முழுதாக வந்தது, கடைக்காரர் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. ஆனாலும் அறிக்கையைப் படிக்கிறவர் கடைக்காரரைத்தான் திருடன் என்பார். அதற்காகக் கடத்தலே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூட்டை மூட்டையாக ரயிலிலும் லாரியிலும் போவதைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் போலீஸ் பிரிவே தனியாக இருக்கிறது. மாட்டுக்கு வைத்த கஞ்சியும் லாரியில் போன மூட்டையும் ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம். இதைச் சொல்லாமல் 'திருட்டு' என்று தலைப்புப் போடும் அறிக்கை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், எனக்கு ஏற்பில்லை.

2005இல் திட்டக் குழு வெளியிட்ட மதிப்பீட்டையும் படித்துப் பாருங்கள். மானியத் தானியத்தில் 58 சதவீதம் ஏழைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றது. திருட்டு மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பட்டியல் எடுத்ததில் நடந்த பிழையால் ஏழை அல்லாதவர் வாங்கியதும் அதில் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி உண்ட சோறும் 'சேராத' கணக்கில்தான்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். "தனியார் பள்ளி மூன்றில் ஒரு பங்கு செலவில் அதே கல்வியைத் தருகிறது" என்று ஓர் ஆய்வைக் காட்டி எங்களைக் குறை சொல்கிறார்கள். இது நியாயமா? *(விருதுநகர் வாசகி)*

பதில்: பிரிக்கப்படாத ஆந்திராவில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வாக இருக்க வேண்டும். நல்ல ஆய்வு, சந்தேகம் வேண்டாம். குலுக்கலில் தேர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்து, நான்கு ஆண்டு கழித்தும் சோதித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் இவர்கள் மேல். ஒரு பிள்ளைக்கு ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அரசே கட்டணச் சீட்டு கொடுத்துப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறவர்கள் செலவைப் பற்றிய வரியை மட்டும் எடுத்தார்கள். அரசுப் பள்ளிக்காகப் பேசுகிறவர்கள் 'வித்தியாசம் இல்லை' என்ற வரியை மட்டும் எடுத்தார்கள். உங்களைக் குறை சொல்கிறவரிடம் அதே கட்டுரையிலிருந்து இன்னொரு விவரத்தையும் காட்டுங்கள்: அந்தத் தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் அரசு ஆசிரியர் வாங்குவதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சம்பளத்தில் ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா என்பதை எந்தச் சோதனையும் அளக்காது. நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

கேள்வி: யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதாதா? *(சேலம் வாசகர்)*

பதில்: பாருங்கள், அவசியம் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள். அந்த 58 சதவீதத்தைச் சொன்னது அரசின் சொந்தத் திட்டக் குழு, குறை சொன்னது அரசின் சொந்தத் திட்டத்தை.

கேள்வி: சாய்வு இல்லாத ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சொல்லுங்களேன். *(நாகர்கோவில் வாசகர்)*

பதில்: எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. குலாட்டி 46.7 என்றபோது டிரீஸ் மறுகணக்குப் போட முடிந்தது ஏன்? இருவர் கையிலும் நாங்கள் வீடு வீடாகக் கேட்டு எடுத்த அதே அரசுத் தரவு இருந்தது, கேட்ட எவருக்கும் கிடைத்தது. ஒருவருடைய சாய்வை இன்னொருவர் திருத்த அதுதான் வழி. 2017-18இல் அடுத்த நுகர்வுச் செலவு ஆய்வும் நடந்தது. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் மத்திய அரசு அதை வெளியிட மறுத்துவிட்டது. ஒரு நாளிதழுக்குக் கசிந்த அறிக்கையின்படி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு 2011-12இல் இருந்த 1,501 ரூபாயிலிருந்து 1,446 ரூபாயாகக் குறைந்திருந்தது. அடுத்த ஆய்வு 2022-23க்குத்தான் வந்தது. அதை வைத்து 2024இல் இக்ரியர், கசிவு 28 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றது. இத்தனை பேருக்கு இலவச அரிசி தேவையா என்றும் அதோடு கேட்டது. குறைந்தது எப்போது, ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் வந்த பிறகா, அதற்கு முன்பேவா? நடுவில் இருந்த ஒரே சாட்சி அந்த 2017-18 ஆய்வுதான்.

எத்தனையோ வீடுகளில் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்து, எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். தரம் சரியில்லை என்றால் எந்த இடத்தில் சரியில்லை என்று குறித்து, வீட்டுவாரி விவரங்களை இப்போதாவது வெளியிடட்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு இதை ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.