போர்வையை எண்ணக்கூடாது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி இரண்டாம் நிலைச் சிறைக்காவலர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறான். ‘ரவுடிகளோட தினம் மல்லுக்கட்டணுமே’ என்று அம்மா அழுகிறார். பூட்டுவதும் திறப்பதும்தானே என்கிறான் அவன். உண்மையில் அங்கே என்ன வேலை?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

மல்லுக்கட்டு அபூர்வம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தினமும் நடப்பது கைதிகளின் எண்ணிக்கை. காலையில் லாக்கப் திறக்கும்போது, மாலை அடைக்கும்போது, பணி மாறும்போது எண்ணியாக வேண்டும். நேற்றைய இருப்போடு புதிதாக வந்தவர்களைக் கூட்டி, விடுதலையானவர், பிணையில் போனவர், வேறு சிறைக்கு மாற்றப்பட்டவர் ஆகியோரைக் கழிக்கவேண்டும். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழிக்காவலில் போனவர் கணக்கில் இருப்பார், அறையில் இருக்கமாட்டார். எண்ணிக்கை இடிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் குறைந்தாலும் எல்லா நடமாட்டமும் நின்றுவிடும்.

இரவில் வேறொரு பிழை நடக்கும். நம் மலைக் குளிரில் எல்லோரும் தலையோடு போர்த்திப் படுப்பார்கள். போர்வைகளை எண்ணிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். துணிமூட்டைக்கும் போர்வை போர்த்தலாமே! முகம் தெரியவேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குப் போர்வை ஏறி இறங்குவதாவது தெரியவேண்டும். எழுப்பினால் திட்டுவார்கள், திட்டட்டும். ஆள் தப்பிவிடுவார் என்ற கவலை பாதிதான். முதன்முறை உள்ளே வந்தவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஆபத்துள்ள இரவு முதல் இரவு. சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைத் தனியறையில் விடக்கூடாது. அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டிலும் எழுதி, அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும். அதையும் கடிகாரம் வைத்தாற்போலச் செய்யக்கூடாது. சரியாக அரைமணிக்கு ஒருமுறை காவலர் வருவார் என்று தெரிந்துவிட்டால் நடுவில் 29 நிமிடம் உள்ளே இருப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது.

ஜன்னல் கம்பிகளைத் தடியால் தட்டிப் பார்க்கவேண்டும். முழுக்கம்பி கணீரென்று ஒலிக்கும். அறுபட்டதும் காரை தளர்ந்ததும் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். வெட்டில் சோப்பை அப்பி மேலே அழுக்கைப் பூசியிருந்தால் கண் ஏமாந்துவிடும், காது ஏமாறாது. பெரிய வாயிலில் இரண்டு கதவுகள். ஒன்றைப் பூட்டிய பிறகே மற்றதைத் திறக்கவேண்டும், யார் அவசரப்படுத்தினாலும்.

புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் வாரண்டில் உள்ள பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் மூன்றையும் ஆளோடு ஒத்துப்பார்க்கவேண்டும். உடம்பில் காயம் இருந்தால் அப்போதே டாக்டர் பார்த்துக் குறிப்பெழுதவேண்டும். விட்டுவிட்டால் அந்தக் காயம் சிறைக்குள் பட்டதாகிவிடும். அடிபட்டவருக்கும் நியாயம் கிடைக்காது. வெளியே விடும்போதும் இதே ஒத்துப்பார்ப்புதான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து ஒருவருக்குப் பதில் மற்றவர் போய்விட்டால் பதில் சொல்லி மாளாது.

கோவை மத்திய சிறை 1872-இல் தொடங்கியது, பெரியது. வ.உ.சி. செக்கிழுத்தது அங்கேதான். அங்கே போட்டால் தம்பியை யாருக்கும் தெரியாது. கூடலூர், குன்னூர் போன்ற கிளைச்சிறைகள் சின்னவை. உள்ளே இருப்பவர் பக்கத்து ஊர்க்காரராகவே இருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கவலை. மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வருகிறவர் ‘தம்பி, இந்தப் பீடிக்கட்டை மட்டும் குடுத்துடு’ என்பார். கொடுத்தால் அடுத்த வாரம் செல்போன் வரும். மறுத்தால் பீடி விஷயத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்பார்கள். முதல் பீடிக்கே முடியாது என்று சொல்லிவிடட்டும். சொந்தக்காரரோ ஊர்க்காரரோ உள்ளே வந்தால் அன்றைக்கே அதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து, அந்த அறைப்பக்கம் பணி வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளட்டும்.