தோள் வலிக்கிறதா? குச்சியை முன்னால் ஊன்றுகிறீர்கள்!

கேள்வி: எனக்கு வயது 58, உயரம் 155 செ.மீ. ஊர் கோபிச்செட்டிபாளையம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் வலி. ஜெர்மனியில் இருக்கும் மகன் ‘நார்டிக் வாக்கிங்’ குச்சி இரண்டு வாங்கி வந்து கொடுத்தான். ஒரு மாதமாக ஊன்றி நடக்கிறேன். தோள்பட்டை வலிதான் மிச்சம். வெறுங்கையோடு நடப்பதைவிட இதில் என்ன லாபம்?

பதில்: லாபம் இருக்கிறதுங்க. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால், குச்சியை முன்னால் ஊன்றி அதன்மேல் சாய்கிறீர்கள். வெள்ளியங்கிரி போகிறவர்கள் மூங்கில் தடியை அப்படித்தான் ஊன்றுவார்கள். ஏழு மலை ஏறி இறங்க அது சரி. நார்டிக் குச்சிக்கு வேலை வேறு. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடையில் பயிற்சி விட்டுப்போகாமலிருக்கக் குச்சியோடு நடந்தார்கள். பனியில் குச்சியால் பின்னே தள்ளி முன்னே போவார்கள் அல்லவா, அந்தத் தள்ளல்தான் இந்த நடைக்கும் உயிர்.

நாளைக் காலை இப்படிச் செய்து பாருங்கள். வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, குச்சிகள் பின்னால் இழுபட வழக்கம்போல நடங்கள். வலது கால் முன்னே போனால் இடது கை தானாக வரும். கொஞ்ச நேரத்தில் குச்சியின் முனை மண்ணில் தடுக்கிப் பிடிக்கும். அது முன்னே வைத்த காலுக்குப் பின்னால்தான் விழ வேண்டும். அங்கிருந்து பின்னோக்கித் தள்ளுங்கள். கை இடுப்பைத் தாண்டியதும் விரல்களைத் திறந்துவிடுங்கள். வார் இருப்பதால் குச்சி எங்கும் ஓடாது. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும். இறுக்கிப் பிடிப்பதுதான் தோளுக்கு ஏறுகிறது.

நீளத்தையும் பாருங்கள். உயரத்தை 0.68-ஆல் பெருக்கினால் உங்களுக்குச் சுமார் 105 செ.மீ. வரும். மகன் தன் உயரத்துக்கு வாங்கியிருந்தால், அதுவும் தோள் வலிக்கு ஒரு காரணம்.

சரியாகத் தள்ளினால் மேல்கையின் பின்தசை, முதுகு, வயிறு எல்லாம் வேலை செய்யும். அதே வேகத்தில் வெறுங்கையோடு நடப்பதைவிட உடல் செலவிடும் சக்தி சுமார் 20 சதவீதம் கூடும். ஆனால் அந்த அளவுக்குக் களைப்பு தெரியாது. கூடுதல் தசை வேலை செய்வது சர்க்கரைக்கு நல்லதுதான். சில மாத்திரைகள் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும் என்பதால் முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள்.

முழங்கால் விஷயத்தில் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். இறக்கத்தில் குச்சி மூட்டுப் பாரத்தைக் குறைக்கும். சமதளத்தில் பெரிதாகக் குறைகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. தடுமாறாமல் நடக்கலாம் என்பது நிச்சயம். மூட்டு வீங்கினால் நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தார் ரோட்டில் முனைக்கு ரப்பர் மாட்டுங்கள். வாய்க்கால் கரையில் கழற்றிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். அப்புறம், தெருநாய்கள் முதல் வாரம் குரைக்கத்தான் செய்யும். குச்சியை ஓங்காமல் இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, மெதுவாகக் கடந்து போங்கள்.