சுனௌலி வழியாக நேபாளம் போக ஆதார் போதுமா? எல்லையில் என்ன கேட்பார்கள்?

சென்னையிலிருந்து குடும்பத்தோடு கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லை என்கிறீர்கள். தாத்தாவுக்கு 68, மகளுக்கு 16, எல்லோரிடமும் ஆதார் இருக்கிறது.

தாத்தாவுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான் ஆதார் செல்லும். விசா இல்லாமல் போகும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கானது. ஆதாரோ அடையாளச் சான்று மட்டும்தான், குடியுரிமைச் சான்று அல்ல; 182 நாள் தங்கிய வெளிநாட்டவரும் வாங்கலாம். அதனால் பெரியவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ அசலாக எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் இருக்கும் படத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மகள் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 15 முதல் 18 வயதுக்குள் என்றால், பள்ளி முதல்வர் அதற்கென உள்ள படிவத்தில் அடையாளச் சான்று தர வேண்டும். கோடை விடுமுறை விட்டபிறகு கையெழுத்துக்கு அலையாமல் முன்பே வாங்கிவிடுங்கள். பெற்றோரிடம் சரியான ஆவணம் இருந்தால், உறவைக் காட்டும் புகைப்பட அட்டையோடு பிள்ளைகள் போகலாம் என்றும் விதி உண்டு. ஆனால் நம்மூர் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவர் படம் மட்டும்தான், எழுத்தும் தமிழ். சுனௌலியில் நிற்பவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் இருக்கும் பள்ளி அடையாள அட்டையையும் கையில் வையுங்கள்.

அடுத்தது இனிஷியல். வாக்காளர் அட்டையில் "ரமேஷ்", பாஸ்போர்ட்டில் "ரமேஷ் சுப்பிரமணியன்", ஓட்டல் புக்கிங்கில் "எஸ். ரமேஷ்". வடக்கே கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராகத்தான் பார்ப்பார்கள். கணவன், மனைவி, மகள் மூவருக்கும் அது வேறுவேறாக இருந்தால் உறவைத் துருவுவார்கள். "யே பிதாஜி கா நாம் ஹை" (இது அப்பாவின் பெயர்) என்று அந்த எழுத்தைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

எல்லையில் நிற்கும் இந்தியக் காவல் படையான சசஸ்திர சீமா பல் காவலர்கள் கேட்பது எளிமையானதுதான்: எங்கிருந்து, எங்கே, எத்தனை நாள், கூட வருபவர் யார். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். அடுத்தவர் தரும் பார்சலைத் தொடவே தொடாதீர்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் யாராவது கூட வந்தால், கூட்டத்தோடு கூட்டமாக அவரை நடக்க விடாதீர்கள். இந்தியக் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை குத்திய பிறகுதான் அவர் எல்லையைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் பெலஹியாவில் 15 நாள் விசாவுக்கு 30 டாலர், ரொக்கமாக வைத்திருக்கட்டும். இந்தியா திரும்ப அவருக்குப் பலமுறை நுழையும் விசாவோ ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான) அட்டையோ இருக்கிறதா என்பதைச் சென்னையிலேயே பார்த்துவிடுங்கள்.