முன்சீட் ஏர்பேக்கை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த பேபி சீட் வாங்கியிருக்கிறோம். நான் தனியாக ஓட்டும்போது அதை முன்சீட்டில் வைக்க வேண்டும். ஏர்பேக்கை அணைப்பது எப்படி?

பதில்: முடிந்தவரை பின்சீட்டிலேயே வையுங்கள். முன்னால்தான் வைத்தாக வேண்டுமென்றால் ஏர்பேக்கை அணைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பின்பக்கம் பார்த்த சீட்டின் முதுகு டேஷ்போர்டை ஒட்டி நிற்கும். கண் இமைப்பதற்குள் விரியும் பை, குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள அந்த முதுகில்தான் மோதும். சன் வைசரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படம் சொல்வதும் இதைத்தான்.

இடதுபக்க முன்கதவைத் திறந்து டேஷ்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். கதவை மூடினால் மறைந்துவிடும் அந்தப் பக்கவாட்டில் சாவித் துளை போன்ற சுவிட்ச் இருக்கலாம். இல்லையென்றால் க்ளவ் பாக்ஸைத் திறந்து உட்சுவரைப் பாருங்கள். சில புது வண்டிகளில் திரையின் செட்டிங்ஸில் வைத்திருப்பார்கள்.

இக்னிஷனை அணைத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஓடும் நிலையில் திருப்பினால் ஏர்பேக் கோளாறு விளக்கு எரியக்கூடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவி எடுங்கள். துளையில் முழுவதும் நுழைத்து 'ஆஃப்' பக்கம் திருப்பி, சாவியை வெளியே எடுங்கள். அரைகுறையாக நுழைத்துத் திருகினால் துளை தேய்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம்.

இக்னிஷனைப் போட்டதும் 'பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். டேஷ்போர்டின் நடுவிலோ, கூரையில் கண்ணாடிக்கு அருகிலோ அது இருக்கும். அது அணைந்தாலோ மினுக்கினாலோ அந்த சீட்டில் குழந்தையை வைக்காதீர்கள். மீட்டரில் எரியும் ஏர்பேக் கோளாறு விளக்கு வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கோளாறு விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டர்தான் வழி.

பெரும்பாலான வண்டிகளில் இந்த சுவிட்ச் முன்பக்கப் பையை மட்டுமே நிறுத்தும். பக்கவாட்டுப் பை, சீட் பெல்ட் வழக்கம்போல வேலை செய்யும்.

நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு, திரும்ப 'ஆன்' செய்ய மறப்பது. பேபி சீட்டைக் கழற்றிய மறுநாள் அங்கே மாமியார் உட்கார்ந்தால் அவருக்கு முன்பக்கப் பை இல்லை. கழற்றிய கையோடு சாவியைத் திருப்பிவிடுங்கள்.

இந்தியாவில் முன்பயணி ஏர்பேக் 2021 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களுக்குக் கட்டாயம். ஆனால் அணைக்கும் சுவிட்ச் எல்லா வண்டிகளிலும் கிடையாது. உங்கள் வண்டியில் இல்லையென்றால் பேபி சீட் பின்னால்தான். ஏர்பேக்கின் ஒயர் கனெக்டரைக் கழற்றிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்: கோளாறு விளக்கு நிரந்தரமாக எரியும், சில வண்டிகளில் அதோடு மற்றப் பைகளும் செயலிழந்துவிடும்.