எக்ஸ்பாட்டும் சிலோன்காரரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரிப் பெண். கத்தார் நாட்டில், தோஹாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். கணவருக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு வேலை. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பர் வீட்டில் விருந்து. பத்துத் தமிழ்க் குடும்பங்கள். பிரியாணி முடிந்து பாயசம் வரும்போது, லீவு நாளில் கடற்கரைப் பக்கம் நடக்கக்கூட இடமில்லை, லேபர் ஆட்கள் நிறைந்துவிடுகிறார்கள் என்று பேச்சு ஆரம்பித்தது. "நாம எக்ஸ்பாட், படிச்சு ஆபீஸ் வேலைக்கு வந்தவங்க. அவங்க லேபர். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "உன் விசாவையும் அவன் விசாவையும் ஒரே நாட்டுக்காரன்தானே அடிச்சுக் குடுத்தான்?" என்று கேட்டார். அரை மணி நேரம் சண்டை. நான் வாயைத் திறக்கவில்லை.

என் தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பாவும் அங்கேதான் பிறந்தார். 1971-ல் குடும்பத்தோடு இந்தியா திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பாட்டி ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். "எங்க தாத்தாவும் லேபர்தான்" என்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பள்ளியில் என்னை 'அகதி' என்று கூப்பிட்ட நாளிலிருந்து, சிலோன் பேச்சு வந்தால் எனக்கு வாய் பூட்டிக்கொள்கிறது. அகதிக் குடும்பத்துப் பெண் எக்ஸ்பாட் ஆனதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா, தெரியவில்லை.

மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். மூன்று தலைமுறைக்கு ஊர் எழுத வேண்டும். தாத்தா – கோத்தகிரி, அம்மா – கோத்தகிரி, நான் – தோஹா என்று எழுதினாள். நான் திருத்தவில்லை. நான் பேசாமல் இருந்தது தப்பா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு சொல்லைத் திருத்தி விடுகிறேன். உங்கள் தாத்தா அகதி இல்லை. அகதி என்பது வசவும் இல்லைதான். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தாது. 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்கள் அகதிகள். உங்கள் தாத்தா அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்தவர். ராமேஸ்வரத்தில் இறங்கும்போதே அவர் இந்தியக் குடிமகன். உங்களை அப்படிக் கூப்பிட்ட பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கோத்தகிரியில் பெரியவர்களுக்கே தெரியாது. எங்கள் டீக்கடையில் இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: சிலோன்காரங்க.

நீங்கள் எழுதிய இன்னொரு சொல் 'திரும்பி'. அரசாங்கக் காகிதத்திலும் 'தாயகம் திரும்பியோர்' என்றுதான் இருக்கும். ஹட்டனில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்திருக்கலாம், ராமேஸ்வரத்தை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். அவர் எங்கே திரும்பினார்? அந்தக் குடும்பங்களின் மூத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகளோடு கிளம்பிப் போனது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து. நீலகிரி அவர்களுக்கு எந்தக் காலத்திலும் சொந்த ஊர் இல்லை. தேயிலை வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே தேயிலை வேலை கொடுக்கலாம் என்று இறக்கிவிட்டார்கள். அதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-லிருந்து கழகமாக நடக்கிறது. நாம் டான்டீ என்கிறோம்.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள், மகள் கேட்டால் சொல்ல உதவும். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இவர்களை இரண்டு நாடும் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் உட்கார்ந்து அதை ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் பாத்திரம் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சிய அண்டாவுக்கு நடக்குமே, அதுதான். எண்ணிக்கை முதலில் முடிவானது. யாருக்கு எங்கே போக விருப்பம் என்று ஆட்களிடம் விண்ணப்பம் வாங்கியது அதற்கு அப்புறம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் ஒரு பாட்டி இருக்கிறார். பன்னிரண்டு வயதில் நுவரெலியா பக்கத்திலிருந்து வந்தவர். 'வந்தோம்' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "எங்கள அனுப்பிவிட்டாங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பார். மலையகத்திலிருந்து கப்பல் துறையான தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். கோச்சி என்றால் அங்கே ரயில். பாட்டிக்கு இன்றைக்கும் குன்னூரிலிருந்து ஏறும் மலை ரயில் கோச்சிதான். பேரன்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஒருநாள் அவருடைய அப்பாவின் பாஸ்போர்ட்டைக் காட்டினார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டுக்கும் மின்சார அட்டைக்கும் நடுவே வைத்திருக்கிறார். உள்ளே கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தின் முத்திரை. படத்தில் அப்பா கோட்டுப் போட்டிருக்கிறார். கோட்டு ஸ்டுடியோக்காரருடையது, தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்குகிறது. "இந்தப் படத்துக்கு முன்னாடியும் அவர் கோட்டுப் போட்டதில்ல, பின்னாடியும் போட்டதில்ல" என்றார் பாட்டி. தொழில் என்று இருந்த இடத்தை விரலால் மறைத்தபடியே எனக்குக் காட்டினார். தெரிந்து மறைத்தாரா தெரியாமலா, நான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் விருந்துக்கு வருகிறேன்.

எக்ஸ்பாட், லேபர் என்று பிரித்த நண்பர் பொய் சொல்லவில்லை. அந்த நாடே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. குடும்பங்கள் வசிக்கும் பகுதியில் தொழிலாளர்களைக் கூட்டமாகக் குடிவைக்கக் கூடாது என்று கத்தாரில் 2010-லேயே சட்டம் வந்தது. சில கடை வளாகங்களில் 'ஃபேமிலி டே' என்று வைத்து, தனியாக வரும் ஆண்களை வாசலிலேயே நிறுத்திய காலம் உண்டு. அங்கே அவர்களுக்குப் பெயர் 'பேச்சிலர்'. என் சிநேகிதன் ஒருவன் பதினான்கு வருடம் தோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவில் வெல்டராக இருந்தான். ஊரில் மனைவி, மூன்று பெண்கள், மாமியார் வேறு. தோஹாவில் அவன் பேச்சிலர். குடும்ப விசா கேட்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாததால் வந்த பிரம்மச்சரியம். மூத்த பெண் கல்யாணத்துக்கு வந்திறங்கியபோது, "பேச்சிலர் மாமனார் வந்துட்டேன்" என்று அவனே சொல்லிக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். அவன் மனைவி சிரிக்கவில்லை.

ஆனால் அந்த நண்பருக்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கத்தாரில் வேலை மாற வேண்டுமானால் பழைய முதலாளியிடம், 'போகலாம், ஆட்சேபனை இல்லை' என்ற என்.ஓ.சி. காகிதம் வாங்க வேண்டியிருந்தது இல்லையா? 2020-ல் அதை எடுத்தார்கள். உலகக் கோப்பைக்கான மைதானங்களில் வேலை பார்த்தவர்களின் நிலைமையைப் பற்றி வருடக்கணக்கில் உலகம் முழுக்கச் சத்தம் எழுந்த பிறகுதான் எடுத்தார்கள். சத்தம் எழுந்தது லேபருக்காக. அந்தச் சட்டத்தால் நிம்மதியாகக் கம்பெனி மாறியவர்களில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர்களும் உண்டு. அவரும் ஒருவராக இருக்கலாம். அடுத்த விருந்தில் கேட்டுப் பாருங்கள், 2020-க்கு அப்புறம் எத்தனை கம்பெனி மாறினார் என்று.

இதைச் சொல்வதால் வெல்டரும் இன்ஜினியரும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. எட்டுப் பேர் படுக்கும் அறையும், பால்கனி வைத்த ஃப்ளாட்டும் ஒன்றாகாது. அந்த ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, 'எல்லோரும் ஒரே படகுதான்' என்று உருகுவதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. விசாவைப் பற்றி எதிர்வாதம் செய்தவரிடம் அவர் வீட்டுக் கத்தாமாவுக்கு, அதாவது வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, வாரத்தில் ஒருநாள் லீவு உண்டா என்று கேட்டிருந்தால், பாயசம் இன்னும் சூடாகியிருக்கும்.

ஆனால் வேலை போனால் என்ன ஆகும் என்பதில் இருவருக்கும் ஒரே பயம். ஆர்.பி. என்கிற வசிப்பு அனுமதி வேலையில் தொங்குகிறது, வீட்டு வாடகை ஆர்.பி.யில் தொங்குகிறது, பிள்ளையின் பள்ளி இரண்டிலும் தொங்குகிறது. உங்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நீங்கள் வளர்ந்த தோட்டத்து லைன் வீடும் அப்படித்தானே? வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு வயது நெருங்க நெருங்க, அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பங்களை நான் இந்த மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் கொடுத்தால் தப்பித்தார்கள். அதற்காகவே படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. உங்கள் வீட்டில் நிறுத்தாமல் உங்களை நர்ஸிங் படிக்க வைத்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் எவ்வளவு துணிந்தார்கள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அதுதான். விருந்தில் வாய் திறக்காததற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை. பாயசக் கிண்ணத்தோடு நிற்பவர்களுக்கு நடுவே யாரும் குடும்பச் சரித்திரத்தை அவிழ்க்க வேண்டியதில்லை.

எக்ஸ்பாட் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மாலையில் நடக்கப் போவது கன்னேரிமுக்கு பக்கம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து கட்டிய பங்களா அங்கே பழுதுபார்த்து நிற்கிறது. அவரும் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்தான். மனைவியையும் மகளையும் இங்கேயே புதைத்தார், ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவரைக் குடியேறி என்றோ, பிழைக்க வந்தவர் என்றோ யாரும் சொன்னதில்லை. துரை என்றார்கள். அவரைப் போல வந்த துரைமார்கள் பயிரிட்ட கேரட், இன்றைக்குச் சென்னை வரைக்கும் 'ஊட்டி கேரட்' என்று பெயர் வாங்கிவிட்டது. என் சரிவில் இருக்கும் பாட்டி, ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும், காய்கறிக்காரருக்கு 'சிலோன்காரம்மா'. தன் தோளில் ஊட்டி கேரட்டை வைத்துக்கொண்டே அப்படிக் கூப்பிடுகிறார்.

மகளின் புராஜெக்ட் விஷயம். இங்கே மட்டும் நீங்கள் பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் தாத்தா பிறந்தது கோத்தகிரியில் இல்லை. மார்க் போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை, புராஜெக்ட் முடிந்துபோன விஷயம். தாத்தா – ஹட்டன், அம்மா – கோத்தகிரி, நான் – தோஹா என்று எழுதியிருந்தால், டீச்சர் அவளை எழுப்பி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். வீட்டுக்கு வந்து உங்களிடம் அவள் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். அந்தப் பத்துக்குப் பயந்துதான் நீங்கள் திருத்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் அப்பா இருக்கிறாரா, கடிதத்தில் இல்லை. இருந்தால், வரும் லீவில் அவரையே சொல்ல வையுங்கள். ஆறோ ஏழோ வயதில் வந்திருப்பார், லயம் என்கிற லைன் வீடும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையும், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களமும் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தைக்கு ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்துத் தருவதாகச் சொன்னார். சம்பலுக்கு மாசிக் கருவாடு வேண்டுமாம், கோத்தகிரி சந்தையில் நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. தோஹாவில் சிலோன்காரர் மளிகைக் கடைகள் இருக்குமே என்று பாட்டியே யோசனை சொன்னார். கால் கிலோ போதுமாம். நன்றாகக் கட்டிக் கொண்டுவாருங்கள், வாசனை பெட்டி முழுக்க ஏறிவிடும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து