மூடிக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது?
பாக்கெட் கடிகாரம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அப்புச்சி பீரோவில் மூடி போட்ட பாக்கெட் கடிகாரம் ஒன்று கிடைத்தது. எடை 88 கிராம். நகைக்கடை மிஷினில் வைத்துப் பார்த்து 14 காரட் என்றார்கள். 11 பவுன் தேறுமா? உருக்கிவிடலாமா? உள்மூடியில் ‘கேரண்டீட் 25 இயர்ஸ்’ என்று பொறித்திருக்கிறது.
– வாசகி, பெருந்துறை

பதில்: தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. கெட்டித் தங்கத்துக்கு யாரும் வருடக் கணக்கில் உத்தரவாதம் தருவதில்லை. நடுவில் பித்தளை, இரண்டு பக்கமும் தங்கத் தகடு வைத்து அழுத்திச் செய்த கூடு அது. மேல்தகடு 25 வருடம் தேயாது என்பதுதான் அந்த உத்தரவாதம். அமெரிக்கக் கூடுகளில் இப்படி வருடம் பொறிக்கும் வழக்கம் 1920களின் நடுவில் நின்றுபோனது. உங்களுடையது அமெரிக்கக் கூடு என்றால் அதற்கு முந்தியது.

மிஷின் பொய் சொல்லவில்லை. அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். தகடு கொஞ்சம் தடிமனாக இருந்தால் அதன் காரட்டையே காட்டும். உரைகல்லும் அப்படித்தான். ஐ கிளாஸ் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) வைத்து, தலையில் சங்கிலி மாட்டும் வளையத்தின் உட்பக்கம், மூடியின் விளிம்பு, கீல் ஆகிய இடங்களைப் பாருங்கள். விரலும் சங்கிலியும் தினமும் உரசிய இடங்கள் அவை. அங்கே நிறம் மாறிப் பித்தளை எட்டிப் பார்க்கும்.

கெட்டித் தங்கம் என்றால் முத்திரை வேறு மாதிரி இருக்கும். சுவிஸ் கூட்டில் 18 காரட்டுக்கு ஒரு பெண் தலை, கூடவே 0.750, 14 காரட்டுக்கு அணில், கூடவே 0.583 அல்லது 0.585. 1880களிலிருந்து இந்த முறை. இங்கிலாந்துக் கூட்டில் 18 என்ற எண்ணுடன் கிரீடம் இருக்கும். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். அமெரிக்கக் கூட்டில் அரசு முத்திரை கிடையாது, செய்தவர் அடித்த எண்தான். அதனால் அதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

கெட்டித் தங்கமாகவே இருந்தாலும் மொத்த எடையை எட்டால் வகுக்கக் கூடாது. கடிகாரத்துக்குள் ஓடும் மிஷின், கண்ணாடி, மூடியைத் தூக்கிவிடும் எஃகு ஸ்பிரிங் எல்லாம் கழிய வேண்டும். உள்மூடி பல கடிகாரங்களில் பித்தளை; அதில் ‘மெட்டல்’ என்றோ பிரெஞ்சில் ‘குவிவ்ர்’ (செம்பு) என்றோ பொறித்திருக்கும். உதாரணத்துக்கு, மிஷினைக் கழற்றியபின் கூடு 40 கிராம், அதில் பித்தளை உள்மூடி 8 கிராம் என்றால் மிச்சம் 32. அது 18 காரட் என்றால் சுத்தத் தங்கம் 24 கிராம், மூன்று பவுன். ஹால்மார்க் இல்லை என்று விலையைக் குறைத்தால் ஏமாறாதீர்கள்: 2021இல் ஹால்மார்க் கட்டாயமானபோதே கடிகாரங்களுக்கு விலக்கு தரப்பட்டது.

கேள்வி: சாவியை அளவுக்கு மீறிக் கொடுத்ததால் எங்கள் கடிகாரம் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சாவி அதிகம் கொடுத்து நின்ற கடிகாரம் அனேகமாகக் கிடையாது. முழுதாக முறுக்கி வைக்கத்தான் கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கே. பல வருடம் சர்வீஸ் ஆகாமல் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். ஸ்பிரிங் முழு விசையோடு தள்ளினாலும் சக்கரம் நகராது. ‘சாவி இறுகிப்போச்சு’ என்று நாம் சொல்வது அதைத்தான்.

பின்மூடியைத் திறந்து, கடிகாரத்தைப் படுக்கை வாட்டில் மெதுவாக ஒரு சுழற்று சுழற்றுங்கள். பேலன்ஸ் வீல் (இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம்) சில நொடி ஆடி நின்றால் அழுக்கு, சர்வீஸ் போதும். வீல் ஒரு பக்கம் சாய்ந்தோ தொளதொளவென்றோ இருந்தால் கீழே விழுந்ததில் ஸ்டாஃப், அதாவது அந்த வீலின் அச்சு, முனை உடைந்திருக்கிறது. சாவி முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும்.

ஸ்டாஃப் உடைந்ததுதான் செலவு வைக்கும். அதன் முனை சுமார் 0.1 மில்லிமீட்டர். கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் மோட்டார் பம்ப் ஷாஃப்ட் கடையும் லேத்தில் இது நடக்காது. வாட்ச் லேத் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேட வேண்டும். தையல் மிஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது பரவி, பேலன்ஸ் வீலோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தலைதெறிக்க ஓடும். டயலோடு பெட்ரோலில் முக்குகிறவரிடமும் கொடுக்காதீர்கள். முழுதாகப் பிரித்து, கல் ஓட்டைகளைக் குச்சியால் துடைத்து, வாட்ச் எண்ணெயை ஊசி முனையால் வைப்பவர்தான் சர்வீஸ் செய்பவர்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு பழைய ரயில்வே கடிகாரம் வாங்கினேன். சாவி ஏறுகிறது, ஓடுகிறது. முள்ளை மட்டும் நகர்த்த முடியவில்லை.
– வாசகர், பவானி

பதில்: சாவி கொடுக்கும் தலையைப் பிடித்து இழுக்காதீர்கள். அமெரிக்க ரயில்வே கடிகாரங்களில் தவறி நேரம் மாறிவிடக் கூடாது என்று முள் நகர்த்தும் நெம்புகோலை உள்ளே ஒளித்திருப்பார்கள். முன்கண்ணாடி வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினால், டயல் ஓரத்தில் 1, 2 மணிப் பக்கம் சின்ன நாக்கு தெரியும். நகத்தால் வெளியே இழுத்து, தலையைத் திருகி நேரம் வைத்து, திரும்ப உள்ளே தள்ளுங்கள். சுவிஸ் கடிகாரமாக இருந்தால் தலைக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அதை அழுத்திக்கொண்டே தலையைத் திருக வேண்டும்.

கேள்வி: மங்கிய தங்கக் கடிகாரத்தை ஆசாரியிடம் பாலிஷ் போடலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: வேண்டாம். பஃப் சக்கரத்தில் முதலில் போவது முத்திரை, அடுத்து பூவேலை, பிறகு கீல். ரோல்டு கோல்டு, அதாவது முதல் பதிலில் சொன்ன தங்கத் தகடு வைத்த கூடாக இருந்தால் ஒரே பாலிஷில்கூடப் பித்தளை வந்துவிடலாம். மிஷினைக் கழற்றிய வெறும் கூட்டை மட்டும், சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் வைத்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள், அதுவே போதும்.

மூடி போட்ட கடிகாரத்தை ‘டக்’கென்று சாத்தும் பழக்கத்தையும் விடுங்கள். தலையை அழுத்திப் பிடித்தபடி மூடியைச் சாத்தி, பிறகு விரலை எடுக்க வேண்டும். அழுத்தாமல் சாத்தினால் எஃகுக் கொக்கி தங்க விளிம்பை ஒவ்வொரு முறையும் அறுக்கும். கொஞ்ச காலத்தில் மூடி நிற்காது.