சொப்ட்இமேஜ் ஆக்களின்ர கோவம் – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணைக்கு வணக்கம்,

அனிமேஷன் சொப்ட்வெயாருகள் கைமாறின கதையளைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்சன். 2008ல சொப்ட்இமேஜ் எண்ட முப்பரிமாண அனிமேஷன் சொப்ட்வெயாரை ஒட்டோடெஸ்க் கொம்பனி வாங்கினதையும் அதைப் பாவிச்ச ஆக்கள் கொதிச்செழும்பினதையும் எழுதியிருந்தியள். உண்மையா எனக்கு அந்தக் கோவம் விளங்கேல்லை. ஒரு கொம்பனி இன்னொரு கொம்பனியைக் காசு குடுத்து வாங்குது, வாங்கினவன் விரும்பினா வைச்சிருப்பான் இல்லாட்டி மூடுவான். எங்கட பக்கத்தில ஒரு நெல்லு மில்லு கைமாறினா சனம் அழுதுகொண்டோ நிக்குது? சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த மில்லுக்குப் போகும். சொப்ட்வெயாரும் ஒரு சாமான்தானே, ஒண்டு போனா இன்னொண்டைப் படிக்கிறது. இதுக்குப் போய் செத்தவீடு மாதிரி ஏன் எழுதி வைச்சிருக்கினம்?

இன்னொண்டும் கேக்கவேணும். நானும் ரெண்டு சிநேகிதரும் மாங்குளத்தில ஓ லெவல் எழுதி முடிச்ச பிள்ளையளுக்கு சனி ஞாயிறில அனிமேஷன் வகுப்பு தொடங்கப்போறம். ஒட்டோடெஸ்க்கின்ர மாயா எண்ட சொப்ட்வெயாரைப் படிப்பிக்கிறதோ, காசில்லாமல் கிடைக்கிற பிளெண்டர் எண்ட சொப்ட்வெயாரைப் படிப்பிக்கிறதோ எண்டு எங்களுக்குள்ள ஒரே சண்டை. கொழும்பில வேலை தேடினா மாயாதான் கேப்பினம் எண்டு ஒருத்தன் ஒற்றைக் காலில நிக்கிறான். நீங்கள் என்ன சொல்லுறியள்?

ஒரு வாசகன், மாங்குளம்

அன்புத் தம்பி,

நல்ல கேள்வி, அதோட நீங்கள் சொன்ன மில்லுக் கதையும் நல்ல கதை, அதையே பிடிச்சுக்கொண்டு போறன். மில்லு கைமாறினா சனம் அழாது, ஏனெண்டா நெல்லு அவங்கட சாக்கில கிடக்கு, எந்த மில்லில குத்தினாலும் அரிசி வரும். ஆனா அந்த ஒரு மில்லில மட்டும்தான் உடைபடுற நெல்லை நீங்கள் பத்து வருசமா விதைச்சு வெட்டிச் சேர்த்து வைச்சிருக்கிறியள் எண்டு வையுங்கோ, மில்லை வாங்கினவன் ஏற்கனவே ரெண்டு மில்லு வைச்சிருக்கிற ஆள் எண்டும் வையுங்கோ, அப்ப உங்களுக்கு நித்திரை வருமோ? சொப்ட்இமேஜ் ஆக்களுக்கு நடந்தது இதுதான், அவையள் கொதிச்சது சரி எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுவன்.

முதல்ல ஒரு விசயத்தைப் பிரிச்சுப் பாக்கவேணும். சொப்ட்இமேஜ் வித்துப்போனது 2008ல முதல்தரம் இல்லை. 1986ல டானியல் லங்லுவா மொன்றியலில தொடங்கின கொம்பனி அது, ஜுராசிக் பார்க் படத்தில டைனோசருகளை நடக்கவும் ஓடவும் வைச்சது அந்த சொப்ட்வெயாரிலதான். 1994ல மைக்ரோசொப்ட் வாங்கிச்சுது, அண்ணளவா 130 மில்லியன் டொலர். 1998ல ஏவிட் எண்ட கொம்பனி வாங்கிச்சுது, 285 மில்லியன். அந்த ரெண்டு தரமும் கையைப் பிசைஞ்ச ஆக்கள் இருந்திருப்பினம், ஆனா மைக்ரோசொப்டும் சரி ஏவிட்டும் சரி சொப்ட்இமேஜுக்குப் போட்டியா இன்னொரு முப்பரிமாண அனிமேஷன் சொப்ட்வெயாரை வித்துக்கொண்டு இருக்கேல்லை, அதால வாங்கின சாமானை வளக்கிறதுதான் அவையளுக்கும் லாபம். 2008 ஒக்டோபர்ல ஒட்டோடெஸ்க் 35 மில்லியனுக்கு வாங்கேக்க கதையே வேற. அவையளிட்ட 3டிஎஸ் மாக்ஸ் எண்ட அனிமேஷன் சொப்ட்வெயார் ஏற்கனவே இருந்தது, 2006 தொடக்கத்தில ஏலியஸ் கொம்பனியை வாங்கினதோட மாயாவும் வந்திட்டுது. ஒரே வேலையைச் செய்யிற மூண்டு சாமான் ஒரே கையில. மூண்டுக்கும் மூண்டு ரீமை வைச்சுச் சம்பளம் குடுக்க எந்தக் கொம்பனிக்கு மனம் வரும்? இதைக் கணக்குப் பாக்கிறதுக்கு ஒருத்தரும் பெரிய படிப்புப் படிச்சிருக்கத் தேவையில்லை, பாவிச்ச சனம் அண்டைக்கே கணக்குப் பாத்திட்டுது.

வாங்கேக்க என்ன சொல்லிச்சினம் எண்டா மூண்டையும் தொடர்ந்து வளப்பம் எண்டு. கொஞ்ச வருசம் புது வேர்ஷனுகளும் வந்ததுதான், அதை மறைக்கக்கூடாது. ஆனா 2012ல அந்தப் பழைய மொன்றியல் ஆக்களை மாயா பக்கம் மாத்திப்போட்டு சொப்ட்இமேஜை சிங்கப்பூரில இருந்த ஒரு ரீமிட்டக் குடுத்தினம். அனுபவப்பட்ட ஆக்கள் அண்டைக்கே விளங்கிக்கொண்டினம், அறிக்கையில என்ன எழுதியிருக்கு எண்டதை விட செய்த கைகள் எங்க போகுது எண்டதுதான் உண்மையான செய்தி. 2014 மார்ச்சில அறிவிச்சினம், 2015 வேர்ஷன்தான் கடைசி எண்டு. உதவி 2016 ஏப்ரல் 30 வரைக்கும்தான். சப்ஸ்கிரிப்ஷன் வைச்சிருந்த ஆக்களுக்கு மாயாவுக்கோ மாக்ஸுக்கோ காசில்லாமல் மாறலாம் எண்டு வழியும் குடுத்தினம். வெளியில நிண்டு பாக்கிறவனுக்கு அது தாராள மனசு மாதிரித்தான் தெரியும்.

ஆனா மாறுறது எண்டா என்ன எண்டு கிட்ட நிண்டு பாக்கவேணும். சொப்ட்இமேஜில இடக்கை எஸ் கீயில இருக்கும். அதை அமத்திக்கொண்டு மவுஸின்ர இடப்பட்டனைப் பிடிச்சா காட்சி பக்கவாட்டில நகரும், நடுப்பட்டன் எண்டா கிட்டப் போகும் தூரப் போகும், வலப்பட்டன் எண்டா பொருளைச் சுத்தி வரும். மாயாவில ஆல்ட் கீயை அமத்தவேணும், இடப்பட்டன்தான் சுத்தும், நடுப்பட்டன்தான் நகர்த்தும். சின்ன விசயம் மாதிரி இருக்கு என்ன? ஆனா ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில செய்யிற அசைவு அது, மூளைக்குப் போகாமல் கையாலயே நடக்கிற வேலை. பத்து வருசம் பழகின கை திடீரெண்டு மக்குக் கை ஆகிப்போகும், பக்கத்தில இருக்கிற இருபத்திரண்டு வயசுப் பொடியன் உங்களை விடக் கெதியா வேலை முடிப்பான், நாள் சம்பளத்துக்கு வேலை செய்யிறவனுக்கு அது நேர சோத்தில விழுற அடி.

கை பழகீடும் எண்டு வையுங்கோ, செய்து வைச்ச வேலைக்கு என்ன செய்யிறது? ஒரு ஆச்சி இடுப்பில குடத்தோட நடந்து வாறா எண்டு ஒரு காட்சி. அந்த ஆச்சிக்குள்ள எலும்புக்கூடு ஒண்டு கட்டி, காலைத் தூக்க ஒரு பிடி, இடுப்பைச் சரிக்க ஒரு பிடி, குடம் இடுப்போட ஒட்டியிருக்க ஒரு கட்டுப்பாடு எண்டு கிழமைக்கணக்கில இருந்து செய்திருப்பியள். நாலு செக்கன் நடை, செக்கனுக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம், மொத்தம் நூறு ஃபிரேம். சொப்ட்இமேஜுக்குள்ள அந்தக் காலை ஆட்டுறதுக்கு ஏழெட்டுக் கீதான் வைச்சிருப்பியள் (இந்தக் கீ எண்டது கீபோர்ட் கீ இல்லை, இந்த ஃபிரேமில கால் இங்க நிக்கவேணும் எண்டு பதியிற அடையாளம்). இப்ப அதை எஃப்பிஎக்ஸ் ஃபைலா மாத்தி மாயாவுக்குக் கொண்டு போனா ஆச்சியின்ர உருவம் போகும், எலும்பு போகும், நடையும் போகும், ஆனா பிடியள் ஒண்டும் போகாது, ஏழெட்டுக் கீக்குப் பதிலா ஒவ்வொரு எலும்பிலயும் நூறு ஃபிரேமுக்கு நூறு கீ பதிஞ்சு கிடக்கும். பேந்து டைரக்டர் வந்து ரெண்டாவது அடியைக் கொஞ்சம் பிந்தி வைக்கச் சொல்லுங்கோ எண்டா, முந்தி ரெண்டு கீயைத் தள்ளினாக் காணும், இப்ப திருப்பிச் செய்யிறதைத் தவிர வழியில்லை. சொப்ட்இமேஜுக்குள்ள 2008லதான் வந்த ஐஸ் எண்ட பகுதியில மழை, புழுதி, குருவிக்கூட்டம் எல்லாம் கட்டி வைச்ச ஆக்களுக்கு அதுவும் இல்லை, அது வேற எங்கயும் திறக்கவே திறக்காது. தம்பி, ஒண்டு போனா இன்னொண்டைப் படிக்கிறது எண்டு நீங்கள் எழுதினது படிக்கிற பிள்ளைக்குச் சரி. செய்து குவிச்சவனுக்குச் சரிவராது.

இதில மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும், எல்லாப் பயமும் பலிக்கேல்லை. 2005 ஒக்டோபர்ல ஒட்டோடெஸ்க் ஏலியஸை வாங்கப்போகுது எண்டு அறிவிச்ச நேரம் மாயா ஆக்கள் மாயாவை மூடப்போறாங்கள் எண்டு பயந்தினம், மாக்ஸ் ஆக்கள் மாக்ஸை மூடப்போறாங்கள் எண்டு பயந்தினம். ரெண்டும் இண்டைக்கும் உயிரோடதான் இருக்கு, மாயா பெரிய ஸ்டூடியோக்களில வழமையான சாமானா இருக்கு. அதே வருசம் அடோபி எண்ட கொம்பனி மக்ரோமீடியா எண்ட கொம்பனியை 3.4 பில்லியன் டொலருக்கு வாங்கினதையும் பாருங்கோ. மக்ரோமீடியாவின்ர பிளாஷ் எண்ட அனிமேஷன் சொப்ட்வெயாரை அவையள் கொல்லேல்லை, தங்களிட்ட அப்பிடி ஒண்டு இல்லாததால வளத்தினம், 2016ல அனிமேட் எண்டு பேரை மாத்திச்சினம். பிளாஷில செய்ததை வெப்சைட்டில ஓட்டுற பிளாஷ் பிளேயர் 2020 டிசம்பரோட முடிஞ்சதுக்குக் காரணம் போனுகளும் பாதுகாப்புப் பிரச்சினையளும், அதைக் கைமாறினதில போடுறது நியாயமில்லை. ஆனா அதே மக்ரோமீடியாவோட வந்த ஃப்ரீஹாண்ட் எண்ட படம் கீறுற சொப்ட்வெயார் அடோபியின்ர இல்லஸ்ரேட்டருக்கு நேர் போட்டி, 2007லயே நிப்பாட்டிப்போட்டினம், அதைப் பாவிச்ச ஆக்கள் விடாமல் நிண்டு 2011ல வழக்கே போட்டினம். பாருங்கோ, ஒரே கொம்பனி, ஒரே கொள்வனவு, போட்டியா இருந்த சாமான் செத்தது, போட்டியில்லாத சாமான் வாழ்ந்தது. அதால வாங்கினது ஆர் எண்டு மட்டும் பாக்காமல் வாங்கினவனிட்ட அதே சாமான் ஏற்கனவே இருக்கோ எண்டு பாக்கவேணும். 2022ல அடோபி ஃபிக்மா எண்ட டிசைன் சொப்ட்வெயார்க் கொம்பனியை 20 பில்லியனுக்கு வாங்க வெளிக்கிட்டு, ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் விடாததால 2023 டிசம்பர்ல கைவிட்டதும் இந்தக் காரணத்தாலதான். பாவிக்கிற சனம் கத்தினதை அரசாங்கங்களும் யோசிக்கத் தொடங்கியிருக்கு, நல்ல விசயம்.

இனி எங்கட பக்கத்துக்கு வாறன். வெளிநாட்டு அனிமேட்டருக்கு வந்த பயம் எங்களுக்கு ரெண்டு மடங்கு. முந்தி ஒரு லைசென்ஸை வாங்கினா, கொம்பனி மூடினாலும் அந்தக் கொம்பியூட்டர் இருக்கும்வரைக்கும் ஓடும். 2013ல அடோபி மாதச் சந்தாவுக்குப் போச்சுது, 2016ல ஒட்டோடெஸ்க்கும் புது லைசென்ஸை நிரந்தரமா விக்கிறதை நிப்பாட்டிச்சுது. இப்ப கட்டுறதை நிப்பாட்டினா சொப்ட்வெயாரும் நிக்கும். அதுவும் டொலரில கட்டவேணும். 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபா, மே மாதம் 360க்குப் போட்டுது, கொம்பனிக்காரன் ஒரு சதமும் கூட்டாமலே கிளிநொச்சியில இருக்கிற பொடியனுக்கு விலை முக்கால்வாசி கூடிப்போச்சு, அந்த மார்ச் கடைசியில கரண்ட் 13 மணித்தியாலம் வெட்டினவங்கள், வேலை செய்யாத மாதத்துக்கும் சந்தா ஓடும். போட்டியில்லாத ஒருத்தன் விலையை வைக்கிற இடத்தில எங்களைப் போல ஆக்களின்ர குரல் ஒருத்தருக்கும் கேக்காது. கிராக் கொப்பி போட்டா முடிஞ்சுது எண்டு சில பேர் சொல்லுவினம். அதால காசு மிச்சம், ஆனா கையும் ஃபைலும் அதே கொம்பனிக்குள்ளதான் கட்டுப்பட்டுக் கிடக்கும், அதோட நாளைக்கு ஒரு வெளிநாட்டு வேலை வந்தா துணிஞ்சு வாங்கவும் ஏலாது.

பாவிச்ச ஆக்களின்ர கோவம் உருப்படியா ஒரு காரியம் செய்த கதை ஒண்டு இருக்கு, வகுப்பில முதல் நாளே பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. பிளெண்டரும் ஒரு கொம்பனியின்ர சாமானாத்தான் இருந்தது. 2002ல அந்தக் கொம்பனி முறிஞ்சு போச்சு. அதைச் செய்த டொன் ரோசண்டால், காசு போட்ட ஆக்களோட கதைச்சு, ஒரு லட்சம் யூரோ தந்தா மூலக்கோடு, அதாவது சொப்ட்வெயாரை எழுதின வரியள், எல்லாத்தையும் சனத்துக்குத் திறந்து விடலாம் எண்டு சம்மதம் வாங்கினார். பாவிச்ச ஆக்கள் தங்கட காசைப் போட்டு ஏழு கிழமையில அதைச் சேர்த்தினம், 2002 ஒக்டோபர் 13ல பிளெண்டர் எல்லாருக்கும் பொதுவாகிச்சுது. இனி ஆர் வந்து எவ்வளவு காசு கொட்டினாலும் அதை வாங்கிப் பூட்டி வைக்க ஏலாது. 2025ல அனிமேஷனுக்கு ஒஸ்கார் எடுத்த லாத்வியா நாட்டுப் படம் பிளெண்டரில செய்ததுதான், அதால இது சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

உங்கட சிநேகிதர் சொல்லுறதிலயும் உண்மை இருக்கு, கனக்க ஸ்டூடியோக்கள் மாயாதான் கேக்கும். ஆனா பதினாறு வயசுப் பிள்ளைக்கு முதல்ல வேண்டியது பந்து விழுந்து எழும்புறதில பாரம் தெரியவைக்கிறது, நடையில ஆளின்ர குணத்தைக் காட்டுறது. இது எந்தச் சொப்ட்வெயாரையும் விட்டு எந்தச் சொப்ட்வெயாருக்கும் கூட வரும், ஒருத்தரும் வாங்கிக்கொண்டு போகேலாது. பிளெண்டரில தொடங்குங்கோ, முதல் வருசம் அதுதான். வேலைக்குப் போக வெளிக்கிடுற பிள்ளை கடைசி மாதங்களில மாயாவைத் தொடட்டும், பதிவு செய்த கல்வி நிறுவனங்களில படிக்கிற மாணவருக்கு ஒட்டோடெஸ்க் இலவச லைசென்ஸ் குடுக்குது, உங்கட பிள்ளையள் அப்பிடி எங்கயும் படிக்கினமோ எண்டு பாருங்கோ. முடிச்ச வேலையை ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு பிஎன்ஜி படமா வரிசையாவும் ஒருக்கா எடுத்து வைக்கப் பழக்குங்கோ, அது எந்தக் காலத்திலயும் திறக்கும்.

மாங்குளத்தில வேகமான இன்ரநெட் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் எண்டு நம்பி வகுப்புத் தொடங்காதேங்கோ. பிளெண்டருக்கு அது தேவையும் இல்லை, ஒருக்கா இறக்கி பென் டிரைவில போட்டா கணக்குத் திறக்காமல், நிறுவாமலே ஓடும். புது வேர்ஷன் பழைய கொம்பியூட்டரில ஓடாது, ஆனா பழைய வேர்ஷன் எல்லாம் அவையளின்ர தளத்தில இன்னும் கிடக்கு, ஒபிஸில கழிச்சு விட்ட கொம்பியூட்டருக்கு 2.79 எண்ட பழைய வேர்ஷன் காணும். உங்கட வகுப்புக்கு வாற கொம்பியூட்டருகளின்ர கிராபிக்ஸ் கார்ட்டும் ராமும் என்ன எண்டு எழுதி அனுப்புங்கோ, எதில எந்த வேர்ஷன் போடலாம் எண்டு பாத்து எழுதுறன்.

அன்போட,
அண்ணை